பதாகையில் இல்லாத பிள்ளைகள்: ஆறாம் தரத்துக்குப் பாடசாலை தேடும் பெற்றோருக்கு

பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் ஒவ்வொரு முறையும் ஏ9 வீதியின் சந்திகளில் பதாகைகள் ஏறிவிடும். ஒன்பது பாடங்களிலும் ஏ எடுத்த பிள்ளைகளின் படங்கள், நடுவில் பாடசாலைச் சின்னம், கீழே பழைய மாணவர் சங்கத்தின் வாழ்த்து. கிளிநொச்சியில் அப்படியொரு பதாகைக்குக் கீழே பஸ்ஸுக்கு நின்றபோதுதான், தெரிந்த அக்கா ஒருவர் என்னிடம் கேட்டார்.

"எல்லாப் பக்கமும் போறனீங்கள் தங்கச்சி. எது நல்ல பள்ளிக்கூடம் எண்டு சொல்லுங்கோவன்."

அவரது மகள் ஐந்தாம் தரத்தை முடிக்கிறாள். கணவர் இறுதி யுத்தத்தில் இல்லாமற் போனவர். அவருக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, நடந்து போகக்கூடிய ஊர்ப் பாடசாலை. அங்கே பதினோராம் தரம் வரைதான் உண்டு. இரண்டாவது, பஸ்ஸில் போகவேண்டிய நகரப் பாடசாலை. மூன்றாவது, யாழ்ப்பாணத்தில் தங்கையின் வீட்டில் விட்டுப் படிப்பிப்பது. எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு ஆசிரியர்கள், அதிபர்கள், வலயக் கல்விப் பணிமனைகளில் இருப்பவர்கள் எனப் பலரிடமும் கேட்டறிந்ததை, இதே கேள்வியோடு நிற்கும் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

வகை சொல்வதும் சொல்லாததும்

அரச பாடசாலைகள் நான்கு வகைப்படும். 1ஏபி பாடசாலையில் உயர்தர விஞ்ஞானம், கணிதம் உட்பட எல்லாத் துறைகளும் இருக்கும். 1சி பாடசாலையில் உயர்தரம் உண்டு, ஆனால் விஞ்ஞானத் துறை இல்லை. கலை, வர்த்தகம் போன்றவைதான். வகை 2 பாடசாலை பதினோராம் தரத்துடன் முடியும். வகை 3 ஆரம்ப வகுப்புகளுக்கானது, சில இடங்களில் எட்டாம் தரம் வரை போகும்.

வகை 2 பாடசாலையில் சேரும் பிள்ளை சாதாரண தரத்துக்குப் பின் எப்படியும் இடம் மாறவேண்டும். உயிரியல் படிக்க விரும்பும் பிள்ளை 1சி பாடசாலையில் அதைப் படிக்க முடியாது. ஆகவே வகையைக் கட்டாயம் அறிந்துகொள்ளுங்கள். ஆனால் வகையை வைத்துத் தரத்தை முடிவு செய்யாதீர்கள். உயர்தர விஞ்ஞானம் இருப்பதால் மட்டும் அந்தப் பாடசாலையின் ஏழாம் தரக் கணிதம் நன்றாகக் கற்பிக்கப்படுகிறது என்று ஆகிவிடாது.

தேசிய பாடசாலை, மாகாணப் பாடசாலை என்ற வேறுபாடும் இப்படித்தான். முதலாவது மத்திய கல்வி அமைச்சின் கீழ் வருகிறது, மற்றையது மாகாணத்தின் கீழ் வருகிறது. பாடத்திட்டமும் பரீட்சையும் இரண்டுக்கும் ஒன்றே. பெயர்ப்பலகை மாறிய அன்றே வகுப்பறை மாறிவிடுவதில்லை.

சித்தி வீதத்தை எப்படி வாசிப்பது?

பதாகையில் ஐந்தாறு பிள்ளைகள் இருப்பார்கள். அந்த ஆண்டு பரீட்சை எழுதியவர்கள் எத்தனை பேர்? அதற்கும் முன்னால், ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு ஆறாம் தரத்தில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்?

ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். முதலாவது பாடசாலையில் ஆறாம் தரத்தில் 80 பேர் சேர்ந்தார்கள். சாதாரண தரத்துக்குத் தோற்றியவர்கள் 50 பேர். உயர்தரம் கற்கத் தகுதி பெற்றவர்கள் 40 பேர். பாடசாலை 80 வீதம் சித்தி என்று சொல்லும், அது பொய்யுமில்லை. இரண்டாவது பாடசாலையில் 40 பேர் சேர்ந்து, 38 பேர் எழுதி, 25 பேர் தகுதி பெற்றார்கள். சித்தி 66 வீதம். பட்டியலில் முதலாவது பாடசாலைதான் மேலே நிற்கும். ஆனால் சேர்ந்த பிள்ளைகளின் எண்ணிக்கையோடு பார்த்தால் முதலாவதில் பாதிப்பேர்தான் கரையேறினார்கள். இரண்டாவதில் பாதிக்கும் மேலே, நூற்றுக்கு 62 பேர்.

இடையில் காணாமற் போன அந்த 30 பேர் எங்கே? சிலர் வேறு பாடசாலைக்கு மாறியிருப்பார்கள். சிலர் கூலி வேலைக்குப் போயிருப்பார்கள். சிலருக்கு இளவயதில் திருமணம் நடந்திருக்கும். கட்டாயக் கல்வி வயதெல்லை 2016இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. ஆனாலும் இடைவிலகிய பிள்ளையைத் தேடி வீட்டுக்குப் போகும் பாடசாலையும் உண்டு, இடாப்பில் பெயரை வெட்டிவிட்டு இருந்துவிடும் பாடசாலையும் உண்டு. அதிபரிடம் கேட்கவேண்டிய முதற் கேள்வி இதுதான்: "ஒரு பிள்ளை இரண்டு கிழமை வராவிட்டால் என்ன செய்வீர்கள்?" உடனே பதில் வருகிறதா, யோசித்து வருகிறதா என்று கவனியுங்கள்.

இன்னொன்று. பெயர்பெற்ற பாடசாலைகள் புலமைப்பரிசில் பரீட்சையில் கூடிய புள்ளி பெற்ற பிள்ளைகளையே ஆறாம் தரத்தில் எடுக்கின்றன. அந்தப் பிள்ளைகள் பின்னர் நல்ல பெறுபேறு எடுப்பதில் பாடசாலையின் பங்கு எவ்வளவு, பிள்ளை கொண்டுவந்தது எவ்வளவு என்று பிரிப்பது கடினம். உங்கள் பிள்ளை நடுத்தரமாகப் படிப்பவர் என்றால், அங்கே நடுத்தரப் பிள்ளைகளுக்கு என்ன நடக்கிறது என்று விசாரியுங்கள்.

பாடவாரியாகப் பார்ப்பதும் அவசியம். உயர்தரத்துக்குப் போக ஆறு பாடங்களில் சித்தி வேண்டும். அதில் தாய்மொழியும் கணிதமும் அடங்கவேண்டும், மூன்று பாடங்களில் திறமைச் சித்தியும் வேண்டும். ஒரு பாடசாலையில் கணிதம் தொடர்ந்து விழுகிறது என்றால், மற்றப் பாடங்களில் எத்தனை ஏ வந்தாலும் கதவு மூடித்தான் கிடக்கும்.

கணிதம் படிப்பிப்பவர் யார்?

வன்னியில் இந்தக் கேள்விக்குத் தனி அர்த்தம் உண்டு. இங்கே பல பாடசாலைகளின் ஆசிரியர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து போகிறவர்கள். 2013இல் கிளிநொச்சிக்கும் 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் ரயில் மீண்டும் வந்தபின் பயணம் இலகுவானது. ஆனால் ஏ9 வீதியை விட்டு உள்ளே இருக்கும் பாடசாலைக்கு அதற்கு மேலும் ஒரு பயணம் இருக்கிறது. வெளிமாவட்டச் சேவைக் காலம் முடிந்ததும் இடமாற்றம் கேட்பார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை, அவர்களுக்கும் குடும்பம் உண்டு. ஆனால் வெற்றிடம் நிரம்பும் வரை இழப்பு பிள்ளைக்குத்தான். தொண்டர் ஆசிரியர்களால் தாங்கப்பட்ட வகுப்புகள் இங்கே எத்தனையோ.

எனவே "ஆசிரியர் இருக்கிறாரா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "கடந்த இரண்டு ஆண்டுகளில் ஒன்பதாம் தரத்துக்குக் கணிதம் படிப்பித்தவர்கள் எத்தனை பேர்?" என்று கேளுங்கள். விஞ்ஞானத்துக்கும் ஆங்கிலத்துக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள்.

அதிபரிடம் போகவே தயக்கமாக இருந்தால் ஒரு எளிய வழி இருக்கிறது. அந்தப் பாடசாலையில் படிக்கும் அயல்வீட்டுப் பிள்ளையின் கணிதக் கொப்பியை வாங்கிப் பாருங்கள். கிழமையில் எத்தனை நாளுக்குத் திகதி போடப்பட்டிருக்கிறது? கடைசியாக எப்போது திருத்தப்பட்டது? பிழைக்குப் பக்கத்தில் சரியான செய்கை எழுதப்பட்டிருக்கிறதா, வெறும் சரி அடையாளம் மட்டுந்தானா? பரிசளிப்பு விழா மலர் சொல்லாததைக் கொப்பி சொல்லிவிடும்.

தூரம், தண்ணீர், பிரம்பு

பெண்பிள்ளைகளின் பெற்றோர் வகுப்பறைக்கு முன் மலசலகூடத்தைப் பாருங்கள். கதவுக்குக் கொண்டி உண்டா, குழாயில் தண்ணீர் வருகிறதா? இல்லையென்றால் மாதத்தில் சில நாட்கள் பிள்ளை வீட்டில் நிற்பாள். ஆண்டு முடிவில் அது பல கிழமைகளாகச் சேரும்.

காலை பஸ் எத்தனை மணிக்கு, அது வராவிட்டால் அடுத்தது எப்போது, பாடசாலை விட்டபின் பிள்ளை எங்கே காத்திருக்கும் என்பதைப் பெற்றோர் ஒருமுறை தாமே போய்ப் பார்ப்பது நல்லது.

உடற்தண்டனையைத் தடைசெய்யும் கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கை நடைமுறையில் உள்ளது. "அடிச்சாத்தான் படிக்குங்கள்" என்று பெற்றோரே சொல்லும் ஊரில் இதைப் பேசுவது கடினம் என்று தெரியும். ஆனால் எங்கள் பிள்ளைகளில் பலர் இழப்பும் கடனும் குடியும் புகுந்த வீடுகளிலிருந்து வருகிறார்கள். யுத்தத்தைக் கண்ணால் காணாத பிள்ளையும் அதைக் கண்ட தாயோடுதான் வளர்கிறது. நானும் இடம்பெயர்ந்து, மரத்தடியிலும் தகரக் கொட்டகையிலும் படித்தவள். அந்த நாட்களில் என்னைப் படிப்பில் பிடித்து வைத்திருந்தது, நான் ஏன் பேசாமல் இருக்கிறேன் என்று கேட்ட ஒரு ஆசிரியை. பாடசாலையில் ஆலோசனை வழிகாட்டலுக்குப் பொறுப்பான ஆசிரியர் யார் என்று கேளுங்கள். பிள்ளைகளுக்கு அவரது பெயர் தெரிகிறதா என்றும் பாருங்கள். துன்புறுத்தல் எதுவும் நடந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

யாழ்ப்பாணம் அனுப்ப முன்

உயர்தரத்தை மனதில் வைத்துப் பிள்ளையை வேறு மாவட்டத்துக்கு அனுப்புபவர்கள் ஒரு விடயத்தைக் கவனிக்கவேண்டும். கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான பல்கலைக்கழகக் கற்கைநெறிகளுக்கு 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா ஆகியன அந்தப் பின்தங்கிய மாவட்டங்களுள் அடங்கும். பிள்ளை எந்த மாவட்டத்தின் கீழ் கணிக்கப்படுவார் என்பதில், பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளில் படித்த பாடசாலை இருக்கும் மாவட்டமும் பார்க்கப்படுகிறது. இடம் மாற்றுவதற்கு முன்பே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலைப் படித்துவிடுங்கள்.

தகவல் தராவிட்டால்

இந்த எண்களையெல்லாம் ஒரு தாய் எப்படிக் கேட்டு வாங்குவது? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்கும் உதவும். வலயக் கல்விப் பணிமனையின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே ஒரு கடிதம் எழுதலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. பதினான்கு வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவை அவர் அறிவிக்கவேண்டும். கேட்கவேண்டியவை நான்கு:

1. குறித்த ஆண்டில் ஆறாம் தரத்தில் இருந்த மாணவர் எண்ணிக்கை.
2. அந்த அணியில் சாதாரண தரத்துக்குத் தோற்றியவர்களும் உயர்தரத்துக்குத் தகுதி பெற்றவர்களும்.
3. கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலப் பாடங்களின் பெறுபேறு.
4. அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் ஆளணியும் இப்போது கடமையில் இருப்போரும்.

தனியாகக் கேட்கப் பயம் என்றால் நாலைந்து பெற்றோர் சேர்ந்து போகலாம்.

அந்த அக்காவுக்கு இவற்றையெல்லாம் சொன்னேன். அவர் இரண்டு பாடசாலைகளுக்கும் போய்வந்தார். கொப்பியும் பார்த்தார். ஊர்ப் பாடசாலையில் கணித ஆசிரியை ஐந்து ஆண்டுகளாக நிற்கிறார், ஆங்கிலத்துக்கு ஆளில்லை. நகரத்தில் எல்லாப் பாடத்துக்கும் ஆசிரியர் உண்டு, வகுப்பில் இடமில்லை. மகளை ஊரிலேயே சேர்த்து, ஆங்கில ஆசிரியர் கேட்டு மற்றத் தாய்மாரோடு வலயத்துக்குப் போகப்போவதாகச் சொன்னார்.

"எல்லாரும் ரவுணுக்குப் போனால் இஞ்ச பிள்ளையள் குறையும். குறைஞ்சால் இருக்கிற ரீச்சரையும் எடுத்துப்போடுவினம். பிறகு பஸ்சுக்குக் காசில்லாத பிள்ளை எங்க போறது?" என்று கேட்டார். சரியாகச் செய்கிறாரா என்று அவருக்கே நிச்சயமில்லை. ஒன்பதாம் தரம் வந்ததும் மறுபடி யோசிப்பதாகச் சொன்னார். அதற்குள் ஆங்கில ஆசிரியர் ஒருவர் வந்து சேரவேண்டும்.