பாஸின் டைரி உங்கள் கையில்: தண்ணீர் நிறுவனத்தில் எக்செக்யூட்டிவ் அசிஸ்டன்ட் வேலை எதுவரை போகும்?

"பாஸுக்கு வர்ற போனை எடுக்கணும், மீட்டிங் ரூம் புக் பண்ணணும். அவ்வளவுதானே?" எக்செக்யூட்டிவ் அசிஸ்டன்ட் வேலை என்றதும் பலர் இப்படித்தான் கேட்கிறார்கள். அதுவும் தண்ணீர் நிறுவனம் என்றால், "அங்கே இன்ஜினியருக்குத்தானே மதிப்பு" என்பார்கள். சுங்கை பூலோவில் இருந்துகொண்டு ஆயர் சிலாங்கூரில் இப்படி ஒரு வேலைக்கு மனு போடலாமா என்று யோசிக்கிறீர்களா? வாங்க, கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா மூன்றுக்கும் குழாய் நீர் தருவது ஆயர் சிலாங்கூர். மாநில அரசுக்குச் சொந்தமானது, ஆனாலும் அது ஒரு செண்டிரியான் பெர்ஹாட் நிறுவனம். எனவே எஸ்.பி.ஏ வழியாக மனு செய்யும் அரசாங்க வேலை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு காலத்தில் விநியோகத்தை ஷாபாஸும், சுத்திகரிப்பை ஸ்பிளாஷ் போன்ற நிறுவனங்களும் தனித்தனியாகக் கவனித்தன. 2019-இல் ஸ்பிளாஷும் சேர்ந்த பிறகுதான் எல்லாம் ஒரே குடையின் கீழ் வந்தது. ஆற்றில் ஏற்படும் பிரச்சனையும் வீட்டுக் குழாயில் ஏற்படும் பிரச்சனையும் இப்போது ஒரே நிர்வாகத்தின் மேசைக்குத்தான் வருகின்றன.

அந்த மேசைக்கு முன்னால் இருப்பவர்தான் எக்செக்யூட்டிவ் அசிஸ்டன்ட்.

2020 செப்டம்பர் 3 நினைவிருக்கிறதா? ரவாங் அருகே சுங்கை கோங் ஆறு மாசடைந்ததால் சுங்கை சிலாங்கூர் நிலையத்தின் மூன்று கட்டங்களும் ரந்தாவ் பஞ்சாங் நிலையமும் மூடப்பட்டன. பெட்டாலிங், கோம்பாக் உட்பட பல பகுதிகளில் சுமார் 12 லட்சம் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது. நிலையத்தைத் திறந்த உடனே வீட்டில் தண்ணீர் வந்துவிடாது. முதலில் நீர்த்தேக்கத் தொட்டிகள் நிரம்ப வேண்டும், பிறகு குழாய்களில் அழுத்தம் ஏற வேண்டும். மேட்டுப் பகுதிக்கும் குழாயின் கடைசியில் உள்ள வீடுகளுக்கும் கடைசியில்தான் வரும். அதனால் "எப்போ வரும்?" என்ற கேள்விக்கான பதில் மாறிக்கொண்டே இருக்கும்.

இப்படிப்பட்ட நாளில் ஸ்பான், லுவாஸ், மாநில அரசு, ஊடகங்கள் என்று எல்லோரும் தலைமை அதிகாரியைத் தேடுவார்கள். எந்த அழைப்பை உடனே இணைப்பது, எது பத்து நிமிடம் காத்திருக்கலாம் என்று யாராவது முடிவு செய்ய வேண்டும். அதைவிட ஆபத்தானது பழைய அறிக்கை. காலையில் தயாரித்த நேர அட்டவணையை மாலையில் யாரோ கையெழுத்துக்கு நீட்டினால், அதைப் பிடித்து நிறுத்தத் தெரிய வேண்டும். இல்லையென்றால் தப்பான நேரத்தை நம்பி மக்கள் வாளியோடு உட்கார்ந்திருப்பார்கள். அன்று இரவு சுங்கை பூலோவுக்குக் கடைசி கேடிஎம் கிடைக்குமா என்பது வேறு கதை!

சாதாரண நாட்களில்? மினிட் மெஷுவாராட், அதிகாரப்பூர்வக் கடிதம், கோப்பு, பயணம். டெண்டர் முடிவாகும் முன்பே அதன் தாள்கள் உங்கள் கண்ணில் படும். "சும்மா ஒரு கேள்விதான், அக்கா" என்று கான்ட்ராக்டர்கள் கேட்பார்கள். பதில் சொல்லாமல் சிரித்து அனுப்பத் தெரிய வேண்டும். இதற்கு டிப்ளோமாவில் பாடம் இல்லை.

மொழி விஷயத்தில் ஒளிவுமறைவு வேண்டாம். நம்மில் பலருக்குப் பேச்சு மலாய் தண்ணி பட்ட பாடு. ஆனால் மாநில அரசுக்குப் போகும் கடிதத்துக்கு அது போதாது. எழுத்து மலாயில் தடுமாறினால் முதல் சுற்றிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

இந்த வேலையில் ஒரு பொறியும் இருக்கிறது. உங்கள் மதிப்பு பாஸின் நாற்காலியோடு ஒட்டிக்கொள்ளும். அவர் மாறினால் நீங்கள் மறுபடி ஆரம்பத்திலிருந்து நம்பிக்கையைச் சம்பாதிக்க வேண்டும். நீங்கள் ரொம்ப நல்லா வேலை செய்தால், உங்களை விடவும் மாட்டார். பத்து ஆண்டு அனுபவம் இருந்தாலும் பதவி அதேதான்.

வெளியே வர வழிகள் உண்டு. தொடர்புத் துறை, கொள்முதல், ஒழுங்குமுறை விவகாரம் என்று போகலாம். என் கணக்கில் உறுதியான வழி கம்பெனி செகரட்டரி. பெயர் ஒத்திருந்தாலும் இது வேறு தொழில். 2016 நிறுவனச் சட்டப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் குறைந்தது ஒருவர் இருக்க வேண்டும். அவர் மைக்சா போன்ற தொழில்முறை அமைப்பின் உறுப்பினராகவோ, எஸ்.எஸ்.எம் உரிமம் பெற்றவராகவோ இருக்க வேண்டும். இயக்குநர் கூட்டத் தாள்களோடு பழகியவருக்கு மைக்சா தேர்வின் பாதிப் பாடம் அன்னியமாக இருக்காது. ஆனால் வேலைக்குச் சேர்ந்த இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குள் படிக்க ஆரம்பித்துவிடுங்கள். பிறகு நேரம் கிடைக்கும் என்று யாரும் நம்ப வேண்டாம்.

நேர்முகத் தேர்வின் முடிவில் "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். சம்பளத்தோடு இதையும் கேளுங்கள்: "எனக்கு முன்னால் இந்த இடத்தில் இருந்தவர் இப்போது எந்தப் பதவியில் இருக்கிறார்?"