கடலில் மேயும் பசு

இரத்தினபுரியில் மாணிக்கக்கல் தேடித் தோண்டிய குழிகளில் காண்டாமிருகத்தின் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. ஒருகாலத்தில் இலங்கையில் வாழ்ந்த அந்த விலங்கு இன்று இங்கில்லை. அதைப் போலவே அருகிவரும் இன்னொரு பெரிய விலங்கு எமது வடகடலில் இன்னும் இருக்கிறது. ஆவுளியா என்னும் கடற்பசுதான் அது.

கமக்காரர்களாகிய நமக்கு இதில் என்ன? கரையில் ஒதுங்கும் சாதாளையை அள்ளிவந்து தோட்டத்துக்கும் தென்னைக்கும் தாழ்த்தியவர்கள் நாம். அதில் பெரும்பங்கு கடலடியில் வளரும் புல். ஆவுளியா மேய்வதும் அதையே. வளர்ந்த ஒன்று நாளொன்றுக்கு 30 கிலோவுக்கு மேல் தின்னும்.

மூன்று மீற்றர் நீளமும் 400 கிலோ நிறையும் வரை வளரும் இது மீன் அல்ல. பால் கொடுக்கும் விலங்கு, யானைக்கு உறவு. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்செடுக்க மேலே வரவேண்டும். வலையில் சிக்கினால் மூச்சடைத்தே சாகும்.

வீட்டுப் பசுவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பசு மூன்று, நான்கு வயதில் கன்று போடும். பிறகு ஆண்டுக்கொன்றோ ஈராண்டுக்கொன்றோ. ஆவுளியா முதற்கன்று ஈன ஆறு வயதாவது ஆகும். சிலவற்றுக்குப் பதினைந்தும் தாண்டும். சினைக்காலம் 13 மாதத்துக்குக் குறையாது. ஈனுவது ஒரே கன்று. அது ஒன்றரை ஆண்டளவு பால் குடிக்கும். அடுத்த கன்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு செல்லும். எழுபது ஆண்டு வாழக்கூடிய விலங்குதான். ஆனாலும் ஆண்டுதோறும் சில தாய்களை இழந்தாலே கூட்டம் தேயத் தொடங்கிவிடும்.

இதன் இறைச்சி மாட்டிறைச்சி போன்றது என்பார்கள். ஆடுமாடுகளைக் கைவிட்டு வந்து கரையோரத்தில் குடியிருக்கும் குடும்பம், மலிவாகக் கிடைப்பதை வேண்டாமென்று சொல்வது எளிதல்ல. இதை நாம் அறிவோம். ஆயினும் கொல்வதும் விற்பதும் சட்டப்படி குற்றம். வாங்குவார் இருந்தால் கொல்வாரும் இருப்பார்.

புல்லுக்கும் ஆபத்து உண்டு. இழுவைமடி கடலடியை உழுதுவிட்டுப் போகிறது. அங்கே திரும்ப விதைப்பார் யாருமில்லை. 2017இல் இலங்கை அதைச் சட்டத்தால் தடைசெய்தது. பாக்கு நீரிணையின் மறுகரையில், 2022 செப்டெம்பரில், தமிழ்நாட்டு அரசு 448 சதுர கிலோமீற்றர் கடலை ஆவுளியாவுக்கான காப்பகமாக அறிவித்தது. அங்கே ஆவுளியாவை விடுவிக்க வலையை அறுத்த மீனவர்களுக்கு வனத்துறை நட்டஈடும் கொடுத்திருக்கிறது.

அயலில் தொழிலுக்குப் போகிறவர்களிடம் இதைச் சொல்லிவையுங்கள்: ஆவுளியா வலையில் உயிரோடு அகப்பட்டால் முதலில் அதன் மூக்கை நீருக்கு மேலே தாங்கிப் பிடிக்கவேண்டும், வலையை அறுப்பது அதற்குப் பிறகு.