பேட்டையும் அச்சாரமும்

பெங்களூருவின் ஈஜிபுரா, கோரமங்களாவின் வடபுறத்தில் விவேக்நகரை ஒட்டி அமைந்த பகுதி. அடுத்த தெருவில் அடுக்குமாடி வளாகங்களும் மென்பொருள் அலுவலகங்களும் நிற்க, இங்கோ இரண்டு ஆள் அகலமே உள்ள கடைகளில் வாழ்க்கை நடக்கிறது. மாவரைக்கும் ஆலை, பழைய உடைகளைத் திருத்தித் தரும் தையற்கடை, சாவி செய்பவர், நடைபாதையில் பூக்கட்டும் பெண்மணி என ஒரு நாளில் வேண்டிய யாவும் நடந்து போகும் தொலைவில் கிடைத்துவிடும். தமிழ் பேசிக்கொண்டே வாங்கிவிடவும் முடியும். விவேக்நகரின் குழந்தை இயேசு ஆலயத்தில் வியாழக்கிழமைதோறும் கூடும் கூட்டத்தை நம்பி மெழுகுவத்திக்கும் மாலைக்கும் ஒரு தனி வணிகமே அதைச் சுற்றி நடைபெறுகிறது.

இப்பகுதியின் வணிக நினைவு பழையது. ஈஜிபுராவுக்கு அருகிலுள்ள தொம்மலூர் சொக்கநாதசுவாமி கோயிலில் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. அவ்வூரைத் 'தேசிமாணிக்கப் பட்டணம்' என்னும் மறுபெயராலும் கல்வெட்டுகள் குறிக்கின்றன. வணிகர் கூடும் ஊரையே அக்காலத்தில் பட்டணம் என்றனர். இன்று அவ்வழியாக வாகனத்தில் விரைவோருள் இதனை அறிந்தவர் சிலரே.

ஈஜிபுராவின் சிறுகடைகளில் விற்கும் பொருள்களில் பல, நகரின் நடுவேயுள்ள பழைய பேட்டைகளிலிருந்து வருபவை. கெம்பே கௌடர் 1537-ஆம் ஆண்டில் நிறுவியதாகக் கூறப்படும் இந்நகரின் கருவே அப்பேட்டைகள்தாம். வடக்குத் தெற்காகத் தொட்டபேட்டையும், கிழக்கு மேற்காகச் சிக்கபேட்டையும் ஒன்றையொன்று வெட்டிச் செல்ல, அவற்றைச் சுற்றித் தொழில்வாரியாகத் தெருக்கள் அமைந்தன. தொட்டபேட்டையின் இன்றைய பெயர் அவென்யூ சாலை. அக்கிபேட்டை அரிசிக்கு, அரளேபேட்டை பஞ்சுக்கு, கும்பாரபேட்டை குயவர்க்கு, காணிகர்பேட்டை செக்காட்டி எண்ணெய் எடுப்போர்க்கு. பளேபேட்டை என்பதில் உள்ள 'பளே', நமது 'வளை'யேயன்றி வேறில்லை. கன்னடத்தில் வகரம் பகரமாக ஒலிக்கிறது, அவ்வளவே. வளையல் வணிகரின் பெயர் தாங்கிய அத்தெரு இன்று இசைக்கருவிக் கடைகளுக்குப் பெயர்பெற்றது. மிருதங்கத்துக்குத் தோல் மாற்றவும், வீணைக்கு மேளம் கட்டவும் இசைவாணர்கள் அங்கு வருகின்றனர்.

சென்னை வாசகர்க்கு இந்த அமைப்பு புதிதன்று. நெசவாளர்களைக் குடியமர்த்தவென்றே கிழக்கிந்தியக் கம்பெனி 1734-இல் உருவாக்கிய சிந்தாதிரிப்பேட்டை இதன் உடன்பிறப்பு. ஒரே பொருளை விற்கும் ஐம்பது கடைகள் ஒரே தெருவில் நெருங்கியிருந்தால் ஒருவர்க்கொருவர் போட்டியில் அழியாரோ என்ற ஐயம் எழலாம். நடப்பது வேறு. விலையை ஒப்பிட விரும்பும் வாடிக்கையாளர் அத்தெருவைத் தேடியே வருகிறார். தம்மிடம் இல்லாத சரக்கைப் பக்கத்துக் கடையில் கைமாற்றாகப் பெற்றுத் தருகிறார் கடைக்காரர். பழுது பார்ப்பவரும் உதிரிப் பொருள் செய்பவரும் அதே தெருவின் மாடிகளில் பிழைக்கின்றனர். எல்லாவற்றுக்கும் மேலாக, யார் வாங்கிய கடனை ஒழுங்காகத் திருப்புவார் என்பது தெரு முழுவதற்கும் தெரியும். வங்கியின் கடன் மதிப்பீட்டு முறைகள் தோன்றுமுன் இருந்த கடன் மதிப்பீடு அதுவே.

பேட்டையைச் சுற்றிப்பார்க்க வருவோர் பெரும்பாலும் விலையையே கவனிக்கின்றனர். கவனிக்கத்தக்கது இன்னொன்றும் உண்டு: கைவினைஞர் பணத்தை இடும் நாளுக்கும் அப்பணம் திரும்பிவரும் நாளுக்கும் இடையிலுள்ள தொலைவு. ஒரு தொழில் நிலைப்பதும் குலைவதும் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் தீர்மானமாகிறது.

பூக்காரரின் இடைவெளி மிகக் குறுகியது. 1928-இல் திறக்கப்பட்ட கிருஷ்ணராஜேந்திரா சந்தையில் விடியலுக்கு முன்பே மொத்த விலைக்குப் பூ வாங்கி, பேருந்தேறி ஈஜிபுராவுக்கு வந்து, தொடுத்து, இருட்டுவதற்குள் விற்றாக வேண்டும். இங்கு பூவை 'மொள' என்றும் 'மாரு' என்றும் அளப்பர். முன்னது நம் முழம். பின்னது இரு கைகளையும் விரித்த நீளம், ஏறக்குறைய நான்கு முழம். விற்காத பூ மறுநாள் குப்பை. ஆகவே ஒவ்வொரு விடியலிலும் கையில் ரொக்கம் வேண்டும். அதைத் தர வீடு தேடி வருபவர் தண்டல்காரர்.

தண்டலின் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. 10,000 ரூபாய் கடன் என்று பேசி, முன்பிடித்தம் போக 9,000 ரூபாய் கையில் தருகிறார். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்டவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் ரூபாய்தானே வட்டி, பத்து விழுக்காடுதானே என்று தோன்றும். ஆனால் அசல் ஒவ்வொரு நாளும் குறைந்துகொண்டே வருகிறது; சராசரியாக அவர் கையில் இருப்பது கடனின் பாதியே; அதுவும் ஆண்டு முழுவதும் அன்று, 100 நாள் மட்டுமே. இதனைக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி 75 விழுக்காட்டைத் தாண்டுகிறது. காலையில் 900 வாங்கி மாலையில் 1,000 தருவதோ எந்த அட்டவணைக்குள்ளும் அடங்காது.

2020 ஜூன் மாதம் தொடங்கிய பிரதமரின் ஸ்வநிதி திட்டம் இந்த இடத்தைக் குறிவைத்தே வந்தது. பிணையின்றி முதலில் 10,000 ரூபாய், அதைத் திருப்பினால் 20,000, பின்பு 50,000 என்று படிப்படியாக உயரும் கடன். 2025-இல் முதலிரு படிகள் 15,000, 25,000 என உயர்த்தப்பட்டு, திட்டமும் 2030 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டது. தவணை தவறாதவர்க்கு 7 விழுக்காடு வட்டி மானியம் உண்டு. தெருவோர வணிகர் என்பதற்கு உள்ளாட்சி அமைப்பு தரும் அடையாள அட்டையோ பரிந்துரைக் கடிதமோ போதும்.

குயவரின் இடைவெளி நாள்களால் அன்று, மாதங்களால் ஆனது. பென்சன் டவுனை அடுத்த 'பாட்டரி டவுன்' என்னும் பகுதியில் மட்பாண்டத் தொழில் செய்யும் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. படைமுகாம் நகரத்தோடு வளர்ந்த அப்பகுதியில் தமிழ் பேசும் குடும்பங்களும் உண்டு. தண்ணீர்ப் பானை, தொட்டி, அகல், விநாயகர் உருவம் என அவர்கள் செய்பவற்றுள் பெரும்பகுதி ஆவணியிலிருந்து கார்த்திகை வரையிலான சில வாரங்களில் விற்பவை. மண்ணோ கோடையிலேயே வந்து சேரவேண்டும். முன்பு நகரத்து ஏரிகளே களிமண் தந்தன. ஏரிகள் பல மனைகளாகிவிட்ட பின்பு, வெகுதொலைவிலிருந்து லாரிக் கணக்கில் விலைகொடுத்தே வாங்குகின்றனர்.

வந்த மண்ணைக் கல்லும் வேரும் நீக்கி ஊறவைத்து, மிதித்துப் பிசைந்து, சக்கரத்தில் வனைந்து, நிழலில் உலர்த்தி, பின்பே சூளையில் அடுக்குவர். ஈரம் உள்ளே தங்கிய பாண்டம் நெருப்பில் ஆவி முட்டி வெடிக்கும். பக்கத்தில் உள்ளவற்றையும் உடைக்கும். மழைக்காலத்தில் உலர்த்த இடமின்றி ஒரு சூளை வீணானால், கோடையில் இட்ட பணத்தில் ஒரு பகுதி சாம்பலோடு போகும். பத்து ரூபாய்க்கு நான்கு அகல் கேட்டுப் பேரம் பேசுவோர் இதையும் எண்ணிப் பார்க்கலாம்.

இத்தகைய தொழிலுக்குப் பழைய தமிழ் வழக்கில் ஒரு மருந்து இருந்தது. அதன் பெயர் அச்சாரம். திருமணத்துக்கு வேண்டிய பானைகளுக்கும், கோயில் விழாவுக்கு வேண்டிய அகல்களுக்கும் மாதங்களுக்கு முன்பே ஒரு தொகை கொடுத்துச் சொல்லி வைப்பர். கொடுத்தவர்க்குப் பொருள் உறுதி. பெற்றவர்க்கு மண்வாங்க முதல். வட்டியில்லாக் கடன் என்று எவரும் அதற்குப் பெயரிடவில்லை. அலுவலகங்களும் குடியிருப்பு வளாகங்களும் தீபாவளிப் பரிசுப் பொருள்களைக் கடைசி வாரத்தில் தேடுவதை விடுத்து ஆடியிலேயே முன்பணத்தோடு சொல்லிவைத்தால், அதே விலைக்கு நல்ல வேலைப்பாடும் கிடைக்கும். குயவர் வீட்டில் கடனும் குறையும்.

பெங்களூருவிலிருந்து மைசூரு செல்லும் வழியில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னபட்டணத்தின் மரப்பொம்மைகளுக்கு வேறொரு சிக்கல். அங்கு செய்பவர்க்கும் வாங்குபவர்க்கும் இடையே பல கைகள் உள்ளன. நாம் வெட்பாலை என்று அறிந்த மரத்தைக் கடைசல் பிடித்து உருவாக்குவர். சுழலும் மரத்தின்மீது நிறங்கலந்த அரக்குக் குச்சியை அழுத்தினால், உராய்வின் வெப்பத்திலேயே அரக்கு உருகி மெல்லிய படலமாகப் படியும். பின்பு தாழை மடலால் தேய்த்துப் பளபளப்பேற்றுவர். தூரிகைக்கு அங்கு வேலையே இல்லை. எனவே சென்னபட்டணப் பொம்மை என்று விற்கப்படுவதில் வண்ணம் வழிந்த கோடோ தூரிகையின் தடமோ தெரிந்தால், அது அரக்கு வேலை அன்று என்று கொள்ளலாம். புவிசார் குறியீடு பெற்ற பொருள் இது. நகரின் காவேரி விற்பனையகங்களிலும் கைவினைச் சந்தைகளிலும் கிடைக்கிறது. இயன்றவர்கள் சென்னபட்டணத்துக்கே சென்று, கடைசல் பட்டறையில் நேரே வாங்குவது இன்னும் சிறப்பு.

மட்பாண்டம் செய்வோர், பொம்மை செய்வோர், மாலை தொடுப்போர், தையற்கலைஞர், பூட்டு செய்வோர் உள்ளிட்ட 18 தொழிலினர்க்கான பிரதமரின் விஸ்வகர்மா திட்டம் 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்டது. பயிற்சிக்காலத்தில் நாளொன்றுக்கு 500 ரூபாய் உதவித்தொகை, கருவிகள் வாங்க 15,000 ரூபாய், பிணையின்றி முதலில் ஒரு லட்சமும் அடுத்து இரண்டு லட்சமும் 5 விழுக்காடு வட்டியில் கடன். முதற்கடனைத் திருப்ப 18 மாதமும் இரண்டாவதற்கு 30 மாதமும் கிடைக்கின்றன. கோடையில் இட்டு ஐப்பசியில் எடுக்கும் தொழிலுக்கு நூறு நாள் தண்டலைவிட இக்காலவரையறை பெரிதும் பொருந்தும். குடும்பத்தில் ஒருவர்க்கே இப்பயன் உண்டு; பொதுச்சேவை மையங்களில் பதிவு செய்யலாம். நம் வீட்டுக்கு வரும் பூக்காரரும் தெருமுனைத் தையற்காரரும் இதனை அறியாதிருக்கக்கூடும். சொல்லித்தருவதற்குக் கால்மணி நேரம் போதும்.

கடன் பெறுவதற்குச் சான்றாக நிற்பது வரவு. 2025 ஜூலையில் பெங்களூருவின் சிறுகடைகளில் ஒரு விந்தை நிகழ்ந்தது. கடைவாயிலில் ஒட்டியிருந்த கியூஆர் அட்டைகள் மறைந்து, 'ரொக்கம் மட்டும்' என்ற தாள்கள் தொங்கின. யுபிஐ வரவுகளின் அடிப்படையில் மாநில வணிகவரித் துறை ஆயிரக்கணக்கான சிறுவணிகர்க்கு அறிவிப்பு அனுப்பியதே காரணம். வணிகர்கள் கடையடைப்புக்கு ஆயத்தமாகினர். பழைய நிலுவை வசூலிக்கப்படாது என்று முதலமைச்சர் உறுதியளித்த பின்பே பதற்றம் தணிந்தது.

அச்சத்தில் மறந்துபோன செய்திகள் சில உண்டு. பொருள் விற்பவர்க்கு ஆண்டு விற்பனை 40 லட்சமும், சேவை தருபவர்க்கு 20 லட்சமும் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு தேவை. பூ, காய்கறி, பால் போன்ற வரிவிலக்குள்ள பொருள்களை மட்டுமே விற்பவர்க்கு அவ்வரம்பைத் தாண்டினும் பதிவு வேண்டியதில்லை. ரொக்கமாக வாங்கினாலும் விற்பனை விற்பனையே. தாளைத் தொங்கவிடுவதால் சட்டத்தின் பார்வையில் ஏதும் மாறுவதில்லை. மாறாக, கணக்கில் நாள்தோறும் ஏறும் சிறுசிறு வரவுகளே அடுத்த கடனுக்கு அவரிடமுள்ள ஒரே சான்று. அதை இழந்தவர் மீண்டும் தண்டல்காரரிடமே போய் நிற்பார். குடும்பத்தாரின் பண மாற்றங்களும் கடை வரவும் ஒரே கணக்கில் கலந்திருந்ததாலும் பலர் இடர்ப்பட்டனர். கடைக்கென்று தனிக் கணக்கு வைத்துக்கொள்வது பெரிய வணிகர்க்கு மட்டும் உரியதன்று.

இனி, சென்று பார்க்க விரும்புவோர்க்கு. ஈஜிபுராவிலிருந்து மகாத்மா காந்தி சாலை வரை பேருந்திலோ ஆட்டோவிலோ சென்று, ஊதாவழி மெட்ரோவில் ஏறி, மெஜஸ்டிக்கில் பச்சைவழிக்கு மாறினால் அடுத்த நிலையம் சிக்கபேட்டை. பேட்டையின் கடைகள் பல ஞாயிறன்று மூடியிருக்கும். அன்று நடைபாதையில் பழம்பொருள் கடைகள் பரவியிருக்கும். பழைய நூல்கள் தேடுவோர்க்கு அவென்யூ சாலையும், 1945-இல் தொடங்கிய செலக்ட் புத்தகக் கடையும் உண்டு. சிவாஜிநகரின் ரஸ்ஸல் சந்தையை அதன் 1927-ஆம் ஆண்டுக் கட்டடத்துக்காகவே ஒருமுறை காணலாம். கார்த்திகை மாதக் கடைசித் திங்களன்று பசவனகுடியில் கூடும் கடலைக்காய்த் திருவிழாவுக்குக் கோலார்ப் பக்கத்து உழவர்களோடு தமிழகத்து உழவர்களும் வருவர். சனவரியில் ஒருநாள், குமாரகிருபா சாலை முழுவதும் ஓவியச் சந்தையாகும். சித்ரகலா பரிஷத் இதனை நடத்துகிறது. ஓவியரிடமே நேரில் பேசி வாங்கலாம்.

குயவரிடம் அகல் சொல்லிவைக்க எண்ணுவோர் மட்டும் ஆவணி பிறக்குமுன் சென்றுவிட வேண்டும். புரட்டாசி மழை பிடித்துக்கொண்டால், உலராத மண்ணைச் சூளையில் அடுக்க எவரும் துணியமாட்டார்.