மாட்டுக்குக் கட்டும் சென்சார் நோயையும் சுமக்கும்: சுத்தம் செய்வது எப்படி?

கறவை மாடு பருவத்துக்கு வந்திருக்கிறதா, ஒழுங்காக அசைபோடுகிறதா, காய்ச்சல் இருக்கிறதா என்பதைக் கைப்பேசியில் தெரிவிக்கும் சென்சார்கள் பண்ணைகளுக்கு வந்துவிட்டன. பசு பருவத்தில் இருப்பது ஏறத்தாழ 18 மணி நேரம்தான். அதிலும் பல மாடுகள் இரவில்தான் அறிகுறி காட்டும். ஒரு பருவத்தைத் தவறவிட்டால் அடுத்த 21 நாள் காத்திருக்க வேண்டும், தீவனச் செலவு மட்டும் நிற்காது. அதனால் இந்தக் கருவிகளுக்கு நல்ல பயன் உண்டு.

ஆனால் இரவும் பகலும் மாட்டின் உடம்பிலேயே கிடக்கும் இந்தப் பட்டையும் பெட்டியும் சாணம், சிறுநீர், வியர்வை, எச்சில், உதிர்ந்த ரோமம் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. கழுவாமல் விட்டால் அடியில் புண் வரும். கழற்றி அப்படியே வேறு மாட்டுக்குக் கட்டினால் நோயும் கூடவே போகும்.

எங்கே கிருமி தங்குகிறது?

கழுத்துப் பட்டை: நைலான் நாடாவின் நெசவு இடுக்குகளில் ஈரமும் அழுக்கும் ஊறி நிற்கும். பக்கிள், சென்சார் பெட்டியின் அடிப்பக்கம், திருகு ஓட்டை ஆகியவை கை எட்டாத இடங்கள்.

கால் பட்டை: நடையை எண்ணும் இந்தக் கருவி சாணத்துக்கு மிக அருகில் இருக்கிறது. மாடு படுக்கும்போது பின்கால் பட்டை மடிக்குப் பக்கத்தில் வருவதால், அழுக்குப் பட்டை மடிநோய்க்கும் வழி செய்யும்.

காது சென்சார்: துளையிட்ட இடம் ஆறும் வரை அது திறந்த புண்தான்.

வயிற்றுக்குள் செலுத்தும் போலஸ்: இது வலைப்பையிலேயே தங்கிவிடும், திரும்ப வராது. வாய் வழியாகச் செலுத்தப் பயன்படும் குழல்தான் ஒவ்வொரு மாட்டின் எச்சிலையும் அடுத்த மாட்டின் வாய்க்குக் கொண்டுபோகும். கோமாரி கண்ட மாட்டின் எச்சிலில் வைரஸ் ஏராளமாக இருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

தேய்த்துக் கழுவாமல் மருந்து வேலை செய்யாது

பாக்டீரியா ஒரு பரப்பில் ஒட்டியதும் தன்னைச் சுற்றி வழவழப்பான படலத்தை உண்டாக்கிக்கொள்ளும். கிருமிநாசினி அதற்குள் எளிதில் இறங்காது. சாணம் ஒட்டியிருந்தால் பிளீச்சிங் பவுடரின் வீரியமும் சாணத்திலேயே செலவாகிவிடும். ஆகவே முறை இதுதான்:

1. பட்டையையும் பெட்டியையும் தனித்தனியாகக் கழற்றவும்.

2. காய்ந்த சாணத்தைத் தண்ணீரில் ஊறவைத்து உதிர்க்கவும்.

3. சோப்புத் தண்ணீரில் பிரஷ் கொண்டு இடுக்குகளைத் தேய்க்கவும். பழைய பல் துலக்கும் பிரஷ் போதும்.

4. நல்ல தண்ணீரில் அலசி, கிருமிநாசினியில் 10 நிமிடம் வைக்கவும். பெட்டியை முக்காமல், கரைசலில் நனைத்த துணியால் 10 நிமிடம் ஈரமாகவே இருக்கும்படி துடைக்கவும்.

5. மறுபடி அலசி, நன்றாகக் காயவைத்த பிறகே கட்டவும். ஈரப்பட்டை தோலை ஊறவைத்துப் புண்ணாக்கும்.

சென்சார் பெட்டியில் ஐபி67 என்று போட்டிருந்தால், 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். பிரஷர் பம்பின் வேகத்தையோ ரசாயனத்தையோ தாங்கும் என்று பொருள் இல்லை. பெட்டிக்கு எந்த மருந்து ஆகும் என்பதை விற்றவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

எந்த நோய்க்கு எந்த மருந்து?

ஃபினாயில் தெளித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கோமாரி வைரஸுக்கு ஃபினாயில் நம்பகமானது அல்ல. அந்த வைரஸ் அதிகக் காரத்தையும் அமிலத்தையும் தாங்காது. ஆகவே 4 சதவீத சலவை சோடா கரைசல், அதாவது லிட்டருக்கு 40 கிராம், பட்டைக்கும் போலஸ் குழலுக்கும் ஏற்றது. சமையல் சோடா இதற்கு உதவாது. அலுமினியப் பாகங்களைச் சலவை சோடா அரிக்கும் என்பதால் அவற்றில் படாமல் பார்த்துக்கொள்ளவும்.

படர்தாமரை பூஞ்சையின் வித்துகள் பட்டையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். இதற்கு லிட்டருக்கு 15 முதல் 20 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்து, தெளிந்த நீரைப் பயன்படுத்தலாம். உலோகப் பக்கிள் துருப்பிடிக்காமல் இருக்க உடனே அலச வேண்டும். பிளீச்சிங் பவுடரை ஆசிட்டுடனோ வேறு மருந்துடனோ ஒருபோதும் கலக்கக் கூடாது, நச்சு வாயு வரும்.

தோல் கழலை நோய் முக்கியமாகக் கடிக்கும் ஈ, கொசு, உண்ணி மூலம் பரவுகிறது. ஆனாலும் உதிரும் பொருக்கில் வைரஸ் நெடுநாள் இருக்கும். இந்த நோய் வந்த மாட்டின் துணிப் பட்டையைக் கழுவிக் காப்பாற்ற நினைக்காமல் அழித்துவிடுவதே சிக்கனம். பெட்டியை மட்டும் சுத்தம் செய்து வைத்துக்கொள்ளலாம்.

மாடு மாற்றும்போது கவனம்

பெரும்பாலான பண்ணைகளில் மாடுகளைவிட சென்சார்கள் குறைவு. சினை உறுதியான மாட்டிலிருந்து கழற்றி அடுத்த மாட்டுக்குக் கட்டுவது வழக்கம். ஒவ்வொரு மாட்டுக்கும் தனிப் பட்டை வைத்து, பெட்டியை மட்டும் மாற்றினால் பாதி ஆபத்து குறையும். பழைய சென்சாரை வெளியிலிருந்து வாங்கினால் பட்டையைப் புதிதாகப் போடவும். கட்டும் வேலையை ஆரோக்கியமான மாடுகளில் தொடங்கி, சந்தேகமான மாட்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளவும்.

கரு கலைந்த மாட்டின் கால் பட்டையைக் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. புருசெல்லோசிஸ் மனிதருக்கும் தொற்றும். படர்தாமரையும் அப்படியே. பட்டை கழுவும் இடம் பால் பாத்திரம் கழுவும் இடமாக இருக்கக் கூடாது.

காது சென்சார் போடும்போது, காது வில்லை போடுவதைப் போலவே, காதின் நடுவில் நரம்பும் தடித்த குருத்தெலும்பும் இல்லாத இடமாகப் பார்த்துப் போட வேண்டும். ஒவ்வொரு மாட்டுக்கும் இடையே துளையிடும் கருவியின் ஊசியைத் துடைத்துக் கிருமிநாசினியில் வைத்து எடுக்கவும். துளையில் போவிடோன் அயோடின் தடவவும். ஈ மொய்க்கும் மழைக்காலத்தைத் தவிர்க்கவும்.

புண் வந்துவிட்டால்

பட்டைக்கும் கழுத்துக்கும் இடையே உள்ளங்கை தட்டையாக நுழைய வேண்டும். இறுக்கினால் தோல் அறுபடும். தளர்ந்தால் உரசிப் புண்ணாவதுடன் அசைபோடும் கணக்கும் தவறாக வரும். வளரும் கிடாரிகளுக்கு மாதம் ஒருமுறை தளர்த்திக் கட்ட வேண்டும். புதிதாகக் கட்டிய முதல் வாரம் தினமும், பிறகு வாரம் ஒருமுறை பட்டைக்கு அடியில் கைவிட்டுப் பார்க்கவும். முடி உதிர்வு, ஈரக்கசிவு, வாடை ஆகியவை முதல் அறிகுறிகள்.

புண் கண்டால் சென்சாரைக் கழற்றிவிட்டு, ஆறும் வரை கட்ட வேண்டாம். மரபுவழி மருந்தாக, குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி இலை தலா ஒரு கைப்பிடி, பூண்டு 10 பல், மஞ்சள் தூள் 20 கிராம் ஆகியவற்றை அரைத்து, 500 மில்லி தேங்காய் எண்ணெய் அல்லது நல்லெண்ணெயில் காய்ச்சி ஆறவைத்து, புண்ணைக் கழுவியபின் தடவலாம். புழு வைத்திருந்தால் முதல் நாள் மட்டும் கற்பூரம் கலந்த தேங்காய் எண்ணெய் தடவலாம். புண் ஆழமாக இருந்தாலோ காய்ச்சல் வந்தாலோ கால்நடை மருத்துவரை அழைக்கவும். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை 1962 என்ற எண்ணில் அழைக்கலாம்.

ஒரே ஒரு மாட்டின் கணக்கு மட்டும் திடீரென மாறினால் மாட்டையும் பட்டையையும் சேர்த்தே பாருங்கள். அழுக்கேறிய சென்சார் நோயில்லாத மாட்டை நோயாளியாகக் காட்டும், நோயுள்ள மாட்டை மறைத்தும்விடும். வாரம் 10 நிமிடம் இதற்கு ஒதுக்கினால், சென்சாருக்குப் போட்ட பணமும் மாடும் பத்திரமாக இருக்கும்.