முத்தமிட்டால் உப்புக் கரிக்கும் குழந்தை

ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் ஒரு குழந்தை மாதக்கணக்கில் இருமினால் இரண்டில் ஒரு பதில்தான் கிடைக்கும். ஒன்று, "தோல் ஷாப்பு காத்து ஒத்துக்கல". இல்லாவிட்டால், "பிரைமரி காம்ப்ளக்ஸ்". ஆறு மாதம் டிபி மருந்து ஓடும். எடை ஏறாது. மலம் எண்ணெய்ப் பிசுக்கோடு நாறும். "முத்தம் கொடுத்தா உப்புக் கரிக்குது" என்று அம்மா சொல்வதை மட்டும் யாரும் சீட்டில் எழுதுவதில்லை. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய்க்கு அதுதான் முதல் துப்பு.

டிபி மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆனால் இரண்டாம் முறை அதையே எழுதினால், வியர்வைப் பரிசோதனை வேண்டும் என்று கேளுங்கள். வேலூர் சி.எம்.சி. குழந்தைகள் பிரிவில் அது உண்டு. ஊசி கிடையாது, கையில் வியர்வை எடுப்பார்கள். குளோரைடு அளவு 60-ஐத் தொட்டால் நோய் பெரும்பாலும் உறுதி. மரபணுப் பரிசோதனை அடுத்தது.

வீட்டில் அன்றாடம் நடக்கும் தவறுகள்தான் அதிகம் கெடுக்கின்றன. செரிமான என்சைம் கேப்ஸ்யூல் ஒவ்வொரு சாப்பாட்டோடும் போக வேண்டும். அதைத் திறந்து மணிகளை ஒரு ஸ்பூன் ஆப்பிள் மசியலில் கொடுக்கலாம். பொடிக்கக் கூடாது, சூடான கஞ்சியில் கலக்கக் கூடாது. உப்புநீர் நெபுலைசர் வைத்த கையோடு நெஞ்சைத் தட்டிச் சளியை இறக்க வேண்டும். கருவியின் கப்பைக் கழுவி, கொதிக்க வைத்து, காயவிடுங்கள். ஈரத்தோடு மூடி வைத்த கப் கிருமிப் பண்ணை. வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் இக்குழந்தைக்கு உப்பு கூடுதலாக வேண்டும். அளவை டாக்டர் சொல்வார். "உப்பைக் குறை" என்னும் பாட்டி வைத்தியம் இங்கே உயிருக்கு ஆபத்து.

இனி காகிதம். 2021 தேசிய அரிய நோய்க் கொள்கையில் இந்நோய் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. ஆனால் உயர்சிறப்பு மையம் வழியாக மட்டும். தமிழ்நாட்டில் அது சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை. சி.எம்.சி. கோப்பை வீட்டில் வைத்துக்கொண்டு காத்திருந்தால் யாரும் கூப்பிடப் போவதில்லை. கோப்போடு எழும்பூரில் பதிவு செய்யுங்கள்.

இந்நோய்க்கான வெளிநாட்டு மருந்தைச் சொந்த உபயோகத்துக்கு வரவழைத்தால் 2023 ஏப்ரல் 1 முதல் அடிப்படைச் சுங்க வரி கிடையாது. அதற்கு மாவட்ட மருத்துவ அதிகாரி அல்லது சிவில் சர்ஜன் சான்று வேண்டும். மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்கள். சான்றில் நோயின் பெயர் முழுதாக இருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். "நுரையீரல் கோளாறு" என்று எழுதித் தள்ளிவிடும் அவசரம் நம் அலுவலகங்களில் உண்டு. ஆம்பூரும் வாணியம்பாடியும் 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டம். அங்கிருந்து இந்தச் சான்றுக்காகப் பலர் இன்னமும் வேலூருக்குப் பஸ் ஏறி ஒரு நாள் கூலியைத் தொலைக்கிறார்கள். ஷூ கம்பெனியில் வேலையென்றால் இ.எஸ்.ஐ. அட்டையில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்பா, அம்மா இருவரும் கோளாறான மரபணுவைச் சுமந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. மாமன் மகள், அத்தை மகன் கல்யாணத்தில் இது கூடும். முதல் குழந்தையின் மரபணு அறிக்கை கைக்கு வந்த பிறகே அடுத்ததை யோசியுங்கள். வயிற்றில் ஐந்து மாதம் ஆன பிறகு ஓடிவந்தால் பரிசோதித்து முடிவெடுக்க நாள் போதாமல் போகலாம்.