ஒரு வாளித் தண்ணீர் கூடினால்...

மாணவர்களே! காங்கிரீட் காய்ந்து இறுகுகிறது என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. சிமெண்ட் நீருடன் வேதிவினை புரிந்தே இறுகுகிறது. ஆகவே கட்டட வேலையில் நீரையும் சிமெண்டைப் போலவே அளக்க வேண்டும்; சோதிக்கவும் வேண்டும். தரக் கட்டுப்பாட்டின் முதற்பாடம் இதுவே.

50 கிலோ மூட்டை சிமெண்டுடன் வேதிமுறையில் சேரும் நீர் ஏறத்தாழ 12 லிட்டர்தான். கலவை குழைந்து கம்பிகளுக்கிடையே புகவேண்டும் என்பதற்காகவே அதற்கு மேலும் ஊற்றுகிறோம். எம்20 என்னும் வகைக்கு, சாதாரணச் சூழலில், மூட்டைக்கு 27.5 லிட்டரே உச்ச வரம்பு என்கிறது ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதி. கொட்டுவதற்கு எளிது என்று மேலும் ஒரு வாளி ஊற்றினால் என்ன ஆகும்? மிகுதி நீர் பின்னர் ஆவியாகிவிடும். அது இருந்த இடங்கள் நுண்துளைகளாக நிற்கும். நீர் விகிதம் கூடினால் வலிமை குறையும் என்ற இவ்விதியை 1918-இல் டஃப் ஆப்ராம்ஸ் என்ற அமெரிக்கர் வெளியிட்டார்.

வலிமையை எவ்வாறு அறிவது? கலவையிலிருந்தே 150 மி.மீ. கனசதுரக் கட்டிகளை வார்த்து, 28 நாள் கழித்து எந்திரத்தில் நசுக்குவார்கள். எம்20 என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன். கட்டியின் பரப்பு 22,500 ச.மி.மீ. எனவே அது 4,50,000 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும். ஏறத்தாழ 46 டன், அதாவது பத்து யானைகளின் எடை! ஆனால் முடிவு தெரிவதற்குள் அடுத்த மாடியே எழும்பியிருக்கும். அதனால்தான் கலக்கும் அன்றே நீரை அளப்பது இன்றியமையாதது.

விருதுநகர் மாவட்டம் இ. குமாரலிங்கபுரத்தை எடுத்துக்கொள்வோம். அங்கு ஜவுளிப் பூங்கா அமையும் என 2023-இல் மத்திய அரசு அறிவித்தது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வரை பரந்த இவ்வறண்ட வட்டாரத்தில் பல கிணறுகளின் நீர் உவர்ப்பானது. உவர்நீரிலுள்ள குளோரைடு, கம்பியைக் காக்கும் மெல்லிய படலத்தை அழிக்கிறது. துரு, இரும்பைவிட அதிக இடம் அடைப்பதால் காங்கிரீட்டைப் பிளக்கிறது. கம்பியிட்ட காங்கிரீட்டுக்கான நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்பது விதி.

கொட்டிய பிறகோ நிலைமை நேர்மாறு! அப்போது ஈரம் குறையக்கூடாது. வெப்பமும் வறட்சியும் உள்ள இடங்களில் குறைந்தது 10 நாள் ஈரம் காக்க வேண்டும். தளத்தில் பாத்தி கட்டி நீர் தேக்குவதும், தூண்களில் ஈரச்சாக்கு சுற்றுவதும் இதற்காகவே. தண்ணீர்ப் பஞ்சத்தில் முதலில் கைவிடப்படுவதும் இந்த வேலைதான். அந்த நட்டம் உடனே கண்ணுக்குத் தெரியாது. அக்கூரையின் கீழ் வாழப்போகிறவர்களே அதைச் சுமக்க வேண்டும்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரு கிண்ணம் சிமெண்ட், மூன்று கிண்ணம் மணல் கொண்ட இரு கலவைகள் செய்யுங்கள். ஒன்றுக்கு முக்கால் கிண்ணம் நீர், மற்றதற்கு ஒன்றேகால். கரண்டியால் கலக்குங்கள், ஈரச் சிமெண்ட் தோலைப் புண்ணாக்கும். ஒரு வாரம் ஈரத்துணியால் மூடிவைத்து, பிறகு ஆணியால் கீறிப் பாருங்கள். எது எளிதில் உதிர்கிறது?