எதிர் வாக்கும் கூட்டக் குறிப்பும்

பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு நிறுவனத்தின் இயக்குநர் குழுவிலும் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் விதித்ததும், அந்த இடத்தைப் பல நிறுவனங்கள் முதலாளியின் மனைவியையோ மகளையோ கொண்டு நிரப்பிக்கொண்டதும் சென்ற இதழில் கூறப்பட்டன. இந்த ஓட்டையை அடைக்க, நிறுவன ஆளுகை பற்றி ஆராய்ந்த உதய் கோடக் குழுவின் பரிந்துரையை ஒட்டி, சந்தை மதிப்பில் முதல் 500 நிறுவனங்கள் 2019 ஏப்ரலுக்குள்ளும் முதல் 1,000 நிறுவனங்கள் 2020 ஏப்ரலுக்குள்ளும் ஒரு பெண் சுயாதீன இயக்குநரை, அதாவது முதலாளியோடு உறவோ கொடுக்கல் வாங்கலோ இல்லாத ஒருவரை, நியமித்தாக வேண்டும் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி ஆணையிட்டது.

இன்ஃபோசிஸ், விப்ரோ, பயோகான், டைட்டன் ஆகியவற்றின் தலைமையகங்கள் உள்ள பெங்களூருவில் இதற்குத் தகுதியான பெண்களுக்குப் பஞ்சமில்லை. 1978இல் பயோகானைத் தொடங்கிய கிரண் மஜும்தார் ஷா, 2014 முதல் 2023 வரை இன்ஃபோசிஸின் சுயாதீன இயக்குநராக இருந்தார். ஆனால் சொந்த நிறுவனத்தை நடத்திய அனுபவம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. மனிதவளம், சட்டம், மென்பொருள் ஆகிய துறைகளில் உயர்ந்தவர்களுக்கு, பன்னேர்கட்டா சாலையிலுள்ள இந்திய மேலாண்மைக் கழகம் போன்றவை நடத்தும் உயர் அலுவலர் பயிற்சிகளே வழியாகின்றன. இப்பயிற்சிகளில் தன்னம்பிக்கைக்கும் பேச்சுத் திறனுக்கும் கொடுக்கப்படும் நேரம், இருப்புநிலைக் குறிப்பை வாசிக்கவும் மறுப்பைப் பதிவு செய்யவும் கொடுக்கப்பட வேண்டும். இருபது ஆண்டுகள் குழுக்களை நடத்திய பெண்ணுக்குப் பேசக் கற்றுத்தர வேண்டியதில்லை.

மறுப்பைப் பதிவு செய்யக் கற்பதன் தேவையைச் சத்யம் நிறுவனத்தின் வரலாறு காட்டுகிறது. அதன் நிறுவனர் ராமலிங்க ராஜுவின் குடும்பத்தார் தொடர்புடைய இரு மேடாஸ் நிறுவனங்களை வாங்கும் திட்டத்துக்கு, 2008 டிசம்பர் 16 அன்று இயக்குநர் குழு ஒருமனதாக ஒப்புதல் அளித்தது. அக்குழுவில் 1991 முதல் இருந்த பெண் சுயாதீன இயக்குநர் மங்களம் சீனிவாசன், கூட்டத்தில் ஐயங்களை எழுப்பியும் எதிர்த்து வாக்களிக்கவில்லை என்பதற்குத் தார்மிகப் பொறுப்பேற்று, அந்த மாதமே பதவி விலகினார். கேட்ட கேள்விகள் எவையாயினும், ஏட்டில் நின்றது ஒருமனதான தீர்மானமே.

இன்றைய நிறுவனங்கள் சட்டத்தின் 149(12) பிரிவின்படி, ஒரு தவறு சுயாதீன இயக்குநருக்குத் தெரிந்து, அவருடைய இசைவோடோ உடந்தையோடோ நடந்திருந்தாலும், அவர் உரிய கவனம் காட்டாதிருந்தாலும் அவர் பொறுப்பாவார். தெரிந்ததா என்பதற்குக் குழுவின் நடவடிக்கை ஆவணங்களே சான்று. கூட்டத்துக்குக் குறைந்தது ஏழு நாள் முன்னதாக அறிவிப்பு வரும். அதோடு வரும் காகிதக் கட்டில், கணக்குகளின் இறுதியில் சிற்றெழுத்தில் உள்ள விளக்கக் குறிப்புகளில்தான் தொடர்புடையோர் பரிவர்த்தனைகள், அதாவது முதலாளியின் உறவினரோடும் அவர்தம் நிறுவனங்களோடும் நடக்கும் வரவு செலவுகள், இடம்பெறும். கூட்டம் முடிந்த பதினைந்து நாளுக்குள் ‘மினிட்ஸ்’ எனப்படும் கூட்டக் குறிப்பின் வரைவு இயக்குநர்களுக்கு அனுப்பப்பட வேண்டும். அதில் தம் மறுப்பு விடுபட்டிருந்தால், ஏழு நாளுக்குள் எழுத்தில் திருத்தம் கோரலாம். அத்தகைய திருத்தக் கடிதம் ஒன்றையேனும் எழுதிப் பார்க்காமல் எந்தப் பயிற்சியும் முடியக் கூடாது. தொடர்புடையோர் பரிவர்த்தனைகளுக்கு முன்ஒப்புதல் தரும் தணிக்கைக் குழுவின் பணி அடுத்த இதழில் விளக்கப்படும்.